பெரிய ஜெட்டின் உபசாரம்

மண்மேடுகளில் தாவும் பந்தய பைக் அது. அதன் கார்பரேட்டரில் பெரிய ஓட்டையுள்ள ‘ஜெட்’ என்ற புதுப் பித்தளைத் திருகு ஒன்று குடியேறியது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுவதுதான் அதன் வேலை.

பந்தயத்துக்கு அரைமணி இருக்கையில் சோதனை ஓட்டம் தொடங்கியது.

“சாப்பிடு தம்பி, சாப்பிடு!” என்று ஜெட் பெட்ரோலை ஊற்றியது.

“போதும் அண்ணே! மூச்சு முட்டுது!” என்று எஞ்சினுக்குள் தீப்பொறி போடும் ஸ்பார்க் பிளக் அலறியது.

“கூச்சப்படாதே. இன்னும் கொஞ்சம்!”

முதல் மேட்டிலேயே பைக் கரும்புகை கக்கி நின்றது. மெக்கானிக் செல்வின் ஓடிவந்தார். கரி படிந்த பிளக்கைத் துடைத்தார். பெரிய ஜெட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, சின்ன ஓட்டை ஜெட்டை மாட்டினார்.

பந்தயக் கொடி அசைந்தது! பைக் மேட்டுக்கு மேடு பறந்தது! பிளக் சந்தோஷத்தில் ஹோவென்று கூவியது.

டப்பாவுக்குள் பெரிய ஜெட் பக்கத்துத் திருகாணியிடம் சொன்னது: “பாவம், பசியில எப்படிக் கத்துறான் பாரு!”