டாங்கில ஒரு செவப்புக் கோடு

பக்கத்து வீட்டு திலக்சன் பைக் கழுவுறத யோகேஸ் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டிருந்தான். மண்ணெண்ணெய் ஊத்தி செயின தேய்ச்சு, சேறெல்லாம் சொரண்டி, பாலிஷும் போட்டதும் பைக் கண்ணாடி மாதிரி மின்னுது. யோகேஸுக்கு வயிறு எரியுது.

"ரொம்பத்தான் படம் காட்டுறான்."

"பைக்குன்னா இப்படி வச்சிருக்கணும். நானே பின்னால ஏறுவேன்"னு சிரிச்சா யோகேஸ் பொண்டாட்டி லோஜினி.

"தெல்தோட்ட ரோட்டுல ஒரு மழை பெய்யட்டும், தெரியும்."

"ஒங்களுக்கு ஏங்க இப்படிக் காந்துது?"

அதுக்குள்ள திலக்சன் துணியும் கையுமா வேலிக்கிட்ட வந்துட்டான்.

"அண்ணே, ஏழு வருசம் ஓட்டிட்டு போன வாரம்தானே எனக்கு வித்தீங்க? டாங்கில இவ்வளவு அழகா செவப்புக் கோடு இருக்குன்னு சொல்லவே இல்லையே?"

யோகேஸ் வேலிக்கு மேல எக்கிப் பாத்தான். அவனே அந்தக் கோட்ட இன்னைக்குத்தான் பாக்குறான்.