வெந்நீர் போதும்

வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்டுமாக நாலு பேர் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்ததுமே சந்தனச்செல்விக்குப் பயம் வந்துவிட்டது. நாலு பேர் கக்கத்திலும் கறுப்பு அட்டை போட்ட புத்தகம் வேறு. "போச்சு! சர்ச்சுல இருந்து சண்டைக்கு ஆள் வந்தாச்சு" என்று முணுமுணுத்தாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? தூத்துக்குடி கடற்கரை ரிசார்ட்டில் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அவள்தான் மேனேஜர். கல்யாணமும் காதுகுத்தும் மட்டுமே பார்த்த புல்வெளியில் முதல் தடவையாக இன்று சாயங்காலம் 'டிரம் அண்ட் பேஸ்' நடத்தப் போகிறாள். டிரம் தடதடக்க, பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் நெஞ்சுக்கூட்டை உலுக்க, இளவட்டங்கள் ஆடித் தீர்க்கிற இசை.

முதலாளி ஆவுடையப்பனைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. "ஒரு ஆள் வந்து சத்தம்னு கம்ப்ளெயிண்ட் சொன்னாலும் நிப்பாட்டிருவேன். அப்புறம் நீ வேற ஓட்டல் பாத்துக்கிட வேண்டியதுதான்" என்று மனுஷன் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஒரு ஆளே ஆகாது. இங்கே நாலு பேர்! டிஜே கூட இன்னும் வந்து சேரவில்லை.

"இங்கன பொறுப்பு யாரும்மா?" என்றார் மூத்தவர். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது போல இருந்தது அந்தக் குரல்.

"நான்தான் அண்ணாச்சி. உக்காருங்க. ஜில்லுன்னு நன்னாரி சர்பத் கொண்டாரச் சொல்லுதேன்."

"சர்பத்தா? இன்னைக்கா? அந்தப் பேச்சே வேண்டாம். வெந்நீர் போதும்."

அடேயப்பா, கை நனைக்க மாட்டேன் என்கிற அளவுக்கா கோபம்! சந்தனச்செல்வி வெந்நீருக்குச் சொல்லிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நான் தேவபிரசாதம். நாசரேத்துல இருந்து வாரோம். எங்க பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்கீங்களே, 'டிரம் அண்ட் பேஸ், எல்லாரும் வாங்க'ன்னு?"

"அது வந்து... பயலுவ தெரியாம ஒட்டிட்டானுவ அண்ணாச்சி."

"எங்க சர்ச்சுல அதத் தவிர வேற பேச்சே இல்ல. பொம்பளையாளுகளும் வருவோம்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. இது உங்க காரியம் இல்ல, நாங்க பாத்துக்கிடுதோம்னு சொல்லிட்டு வந்திருக்கோம்."

பெண்கள் வேறு கிளம்பியிருக்கிறார்களா! நல்லவேளை, ஊரிலேயே நின்றார்கள். இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்து மறியலே நடந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் கேட்டுக்குள் திரும்பியது. இவர்கள் அவரிடம் வாயைத் திறந்தால் வேலை அவ்வளவுதான். நாமே முந்திக்கொள்வோம் என்று முடிவு செய்தாள்.

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. சத்தம் காம்பவுண்ட தாண்டாது. ஏலே ஸ்டெபின், அந்தப் பெரிய ஸ்பீக்கர் எல்லாத்தையும் இறக்குலே!" என்று மேடையில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்த பையனைப் பார்த்துக் கத்தினாள்.

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. பெரிய ஸ்பீக்கர் இல்லாமல் டிரம் அண்ட் பேஸ் நடத்துவதும் மீன் இல்லாமல் மீன்குழம்பு வைப்பதும் ஒன்றுதான்.

தேவபிரசாதம் பதறிப்போய் எழுந்தார். "ஏம்மா, ஸ்பீக்கர எதுக்கு இறக்கச் சொல்லுத? அது இல்லாம கடைசி வரிசைக்கு எப்படிக் கேக்கும்?"

"என்ன கேக்கணும் அண்ணாச்சி?" சந்தனச்செல்வி விழித்தாள்.

அதற்குள் மற்ற மூன்று பேரும் வெந்நீரைக் குடித்து முடித்து, தொண்டையைச் செருமி, புத்தகத்தைத் திறந்துகொண்டு மேடையில் வரிசையாக ஏறி நின்றுவிட்டார்கள். தேவபிரசாதமும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நாங்க நாலு பேரும் சர்ச் பாட்டுக்குழுவுல கட்டைக்குரல் பாடுற பேஸும்மா. டிரம் அடிக்கிறவரு எங்க?"