மிதமிஞ்சிய பால்

ஆங்கில அகராதிக்குத் தமிழில் பொருள் எழுதும் பூங்கோதைக்குப் பிள்ளை பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளை வயிறு முட்டக் குடித்துத் தூங்கிய பிறகும் பால் நிற்காமல் ரவிக்கையை நனைத்தது. நெஞ்சு கல்லாய்க் கனத்தது. பால் சுரப்பைக் குறைக்க மாமியார் மல்லிகைச் சரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"மார்ல வச்சுக் கட்டிடலாம்மா. வீணால்ல வழியுது?"

பூங்கோதைக்கு 'எக்ஸூபரன்ட்' என்ற ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்தது. 'மிதமிஞ்சிய' என்று அவள்தான் அதற்குப் பொருள் எழுதியிருந்தாள். அதன் லத்தீன் வேரோ, மடி சுரந்து பெருகுவது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பசுவின் மடியைப் பார்த்து மலைத்துப்போய் நின்றிருக்க வேண்டும். அந்த மலைப்பைப் போய்க் குற்றம்போல் எழுதிவிட்டோமே!

பக்கத்துக் கட்டிலில், பால் ஊறாத தாயின் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தது.

"அத்தை, அவங்ககிட்ட கேட்டு அந்தப் பிள்ளைய வாங்கிட்டு வாங்க."

"யார் பெத்த பிள்ளையோ..." என்று இழுத்த மாமியார் மருமகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மல்லிகையை அவள் தலையில் வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலை நோக்கி இரு கைகளையும் நீட்டினார்.