அசல் தோல்

கோபாலபுரம் பள்ளி மைதானத்தில் நடந்த பழைய கார் போட்டியில், தங்கள் மோரிஸ் மைனரின் கதவை நடுவர் திறந்தபோது, அஸ்மத்துன்னிசா துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளிப்புறம் முழுக்க அசல் என்று அவர் எழுதிவிட்டார். உள்ளேயும் அப்படியே இருந்தால் வாங்கிக்கொள்ள கோயம்புத்தூர்க்காரர் காத்திருந்தார். அவள் கணவர் அக்பர் பாஷா வாக்கே கொடுத்திருந்தார்.

“பயப்படாதீங்க பாபி,” என்று சீட் தைத்த அமீன் கிசுகிசுத்தான். “நான் போட்டது ரெக்ஸின்னு எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது.”

“அதாண்டா பயமா கீது.”

நடுவர் கட்டைவிரலால் சீட்டை அழுத்தினார். உண்மையான தோல் என்றால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் விழும். அமீன் கெட்டிக்காரன், ரெக்ஸினுக்கு அடியில் பஞ்சு வைத்திருந்தான். சுருக்கம் அழகாக விழுந்தது. நடுவர் தலையாட்டினார். அஸ்மத்துன்னிசா சீட்டின் ஓரத்தையே பார்த்தாள்.

பிறகு அவர் சீட்டின் ஓரத்தைப் புரட்டினார். தோலின் அடிப்பக்கம் நார் நாராக இருக்கும். இங்கே வெள்ளைத் துணி தெரிந்தது.

“இது ரெக்ஸின். சீட்டுக்கு மார்க் கிடையாது.”

கோயம்புத்தூர்க்காரர் கையை விரித்துவிட்டு நகர்ந்தார். அஸ்மத்துன்னிசாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவளே கழற்றவைத்த அசல் தோல் வீட்டில் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. இனி வண்டியும் வீட்டிலேயே இருக்கும்.

கணவர் முகத்தைப் பார்க்கத்தான் பயந்தாள். அவரோ அவள் காதருகே குனிந்தார்.

“உன் வேலையா? நல்லவேளை! கொடுத்த வாக்கை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியாம, நானும் கியர் உருண்டையை டூப்ளிகேட்டா மாத்தி வெச்சேன். அந்த மனுஷன் அதைக் கண்டுக்கவே இல்லியே!”