கடுகு கை வைத்த வரி

“அம்மா, என் ஹோம்வொர்க்ல வேற யாராவது எழுதிட்டா, டீச்சர் யாரைத் திட்டுவாங்க?” என்று மகள் ஒருமுறை கேட்டபோது அவள் சிரித்துவிட்டாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

கணினியில் மென்பொருட்களை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவி ஒன்றை அவள் நிறுவனம் தயாரித்தது. அதன் வழிகாட்டியில் பிழைகள் மலிந்து கிடந்தன. திருத்தி எழுதுவது அவள் வேலை. ‘வேண்டாதவற்றை மட்டும் நீக்குவது எப்படி?’ என்ற பக்கம்தான் பாக்கி. அது இன்று அவள் பெயரில் நல்லபடியாக வெளிவந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பக்கத்தில்தான் சில நாட்களாக யாரோ கை வைத்தார்கள். அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், கணினிக்கு இட வேண்டிய கட்டளையில் ஒரு சொல் கூடுதலாக முளைத்திருக்கும். அழித்தாள். மறுநாளும் முளைத்தது.

பக்கத்து இருக்கைப் பெரியவர் மேல் சந்தேகம். எதற்கெடுத்தாலும் வெடிப்பதால் அவருக்கு அலுவலகத்தில் ‘கடுகு’ என்று பெயர்.

இன்று மதியம் மேலாளரை அழைத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

“பசிக்குதும்மா...” என்று மேலாளர் முனகி முடிப்பதற்குள், கடுகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்.

“மாட்டினீங்களா!” என்று பாய்ந்தாள்.

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?” என்றார் மேலாளர்.

“கை அரிச்சுது. மாத்தினேன்.”

“ஏன், அவங்க எழுதினதுல தப்பு ஏதாவது இருக்கா?”

கடுகு அவளை ஒரு கணம் பார்த்தார். “தப்பா? சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அப்ப வேணும்னே கெடுத்திருக்கீங்க! நாற்காலியைத் தூக்கிட்டு மாடிக்குப் போங்க. இனி இங்க உங்களுக்கு இடமில்ல.”

கடுகு வெடிக்காமல் கிளம்பியதை அலுவலகம் அன்றுதான் பார்த்தது.

“நீங்க எழுதினபடியே போட்டுருங்கம்மா” என்று சொல்லிவிட்டு மேலாளர் சாப்பிட ஓடினார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

அந்த மனுஷன் சேர்த்த சொல் எவ்வளவு நாசம் செய்யும் என்று நிரூபித்தே தீருவது என, சோதனைக் கணினியில் அதை ஓட்டிப் பார்த்தாள். வேண்டாதவை மட்டும் ஒழுங்காக நீங்கின.

அந்தச் சொல் இல்லாமல் தன் வரியை ஓட்டினாள். வேண்டியது, வேண்டாதது எல்லாம் துடைத்துக்கொண்டு போய்த் திரை கறுத்தது.

தப்பு இருக்கிறது என்று கடுகு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாற்காலியைக் காலி செய்திருப்பது அவள்தான்.

மேலாளர் திரும்புவதற்குள், ஆளில்லாத அந்த அறையில், கடுகின் வரியை அப்படியே வைத்துவிட்டு, ‘எழுதியவர்’ என்ற இடத்தில் இருந்த தன் பெயரைத் திருட்டுத்தனமாக அழித்து, அலுவலகமே மறந்துபோயிருந்த அவருடைய முழுப்பெயரை அடித்துப் பக்கத்தை வெளியிட்டாள்.