பக்கத்துக்கு உடம்பு சரியில்லை

"முடியாது. மூணு மணின்னா மூணு மணிதான்" என்றார் போடில்.

எதிரே நின்ற ரிக்மோர் நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை வேறு. டென்மார்க்கின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் நகராட்சியில், முதியோர் பிரிவுக்குப் போடில்தான் தலைவி.

ரிக்மோரின் கணவர் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அடுத்த வாரம் வெளியே அனுப்பிவிடுவார்கள். 'வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்' என்று விண்ணப்பம் போட்டால் நகராட்சியிலிருந்து உதவிக்கு ஆள் வரும். இன்று மூன்று மணியோடு முடியும் இந்தத் தவணையை விட்டால் அடுத்தது இலையுதிர் காலத்தில். அதுவரை மனிதர் கடற்கழிக்கு அக்கரையில் இருக்கும் முதியோர் இல்லத்தில்தான் கிடக்க வேண்டும்.

"மத்ததெல்லாம் அப்லோட் பண்ணிட்டேங்க. டாக்டர் சான்றிதழ் ஒண்ணுதான் பாக்கி. அவரு லீவு. திங்கட்கிழமை காலையில கையெழுத்துப் போட்டுடுவாராம். அந்த ஒரு கட்டம் மட்டும் சிவப்பாவே நிக்குது."

"நிக்கத்தான் செய்யும். எல்லாக் கட்டமும் பச்சையானாத்தான் பக்கம் ஏத்துக்கும்."

விண்ணப்பம் வாங்கும் அந்த இணையப் பக்கத்தைப் பற்றி எங்கள் நகராட்சிக்கு ஏகப்பட்ட பெருமை. முன்பெல்லாம் ஒரு கோப்பு அனுப்புவதற்குக் கணினியில் தனியாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். நிறுவ ஒரு ஆள் வர வேண்டும். அந்த ஆள் எப்போதும் வேறு எங்கோ இருப்பார். இப்போது ஒன்றும் நிறுவ வேண்டாம். பிரவுசரைத் திறந்து, கோப்பை இழுத்துக் கட்டத்தில் போட்டால் போதும். நேராக நகராட்சியின் ஆவணக் கிடங்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடைக்கூடம் முழுக்கச் சுவரொட்டி. டிராக்டரில் ஒரு விவசாயி, கையில் செல்போன், கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கிருந்தும்! எதிலிருந்தும்!'

"எங்கிருந்தும் அனுப்பலாம், இல்லாததை எங்கிருந்து அனுப்புறது?" என்றாள் முகப்பில் இருந்த டோர்தே. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, ஏதாவது ஒரு ஃபைலைப் போட்டுவிட்டா என்ன? எங்க வீட்டுப் பூனை போட்டோ இருக்கு. கட்டம் பச்சையாயிடும். அதுக்கென்ன தெரியவா போகுது?"

"அதுக்குத் தெரியாது. திறந்து பாக்குற எனக்குத் தெரியும். பொய் ஆவணம்னு எழுதி ஒரு வருஷத்துக்கு இவங்களைத் தள்ளி வைக்கணும். உன் யோசனையைக் காபியோட சேத்து முழுங்கிடு, டோர்தே."

"நான் சோம்பேறித்தனமா இருந்து விட்டுடலைங்க" என்றார் ரிக்மோர். "ஆஸ்பத்திரி நாற்காலியிலயேதான் தூங்கிக்கிட்டிருக்கேன்."

"விதியில நாற்காலியைப் பத்தி ஒண்ணும் போடலையே." போடில் பார்க்காமலே ஒப்பித்தார். "மனுஷனுக்கு உடம்பு சரியில்லன்னா தவணையை நீட்டலாம்னு எங்கயும் எழுதல. பக்கத்துக்கு உடம்பு சரியில்லன்னாதான் நீட்டலாம். கடைசி நாள்ல அது படுத்துக்கிச்சுன்னா, எல்லாருக்கும் திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும்."

"மெஷின் மேல அவ்வளவு இரக்கமா?"

"எழுதினவங்களைக் கேளுங்க. இப்ப உக்காருங்க. காபி குடிக்காமப் போகக் கூடாது."

போடில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இவங்க நெஞ்சுல எதையுமே நிறுவல போல. தேவையில்லன்னு விட்டுட்டாங்க" என்றாள் டோர்தே, கதவுக்குக் கேட்கட்டும் என்றே.

ரிக்மோர் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அப்போதுதான் பக்கம் போயிற்று.

போனால் போனதுதான். கட்டமும் இல்லை, சிவப்பும் இல்லை. வெள்ளைத் திரையில் ஒரு வாத்துப் படம். 'சற்றுப் பொறுங்கள்' என்று ஒரு வரி. தொலைபேசிகள் அலறின. டிராக்டர் விவசாயிகளெல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்.

போடில் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "எங்கே அந்த யெப்பே?"

கணினிப் பிரிவு யெப்பே, வெள்ளிக்கிழமைக்கென்று வாங்கிவைக்கும் ரொட்டியில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்த்தளத்திலிருந்து ஏறி வந்தான்.

"எங்கிருந்தும் எதிலிருந்தும்னு ஊரெல்லாம் ஒட்டினியே! இப்ப எங்கிருந்தும் முடியல, எதிலிருந்தும் முடியல. இதுக்கா உனக்குச் சம்பளம்?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யெப்பே மட்டும் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டான்.

"உடனே பாக்குறேன்" என்றான்.

"பாரு. ஆனா அவசரப்பட்டு எதையாவது தொட்டு இன்னும் கெடுத்து வைக்காதே. நிதானமாப் பாரு."

அவன் நிதானமாகவே பார்த்தான். மூன்று அடித்தது. போடில் விதியை வாய்விட்டுப் படித்தார். தவணை திங்கள் மதியம் வரை என்று அறிவிப்பு ஒட்டச் சொன்னார்.

ரிக்மோருக்கு அழுகை வந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க."

"எனக்கு எதுக்கு? கோளாறுக்குச் சொல்லுங்க" என்று போடில் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார்.

காபி அறையில் டோர்தே யெப்பேயை மடக்கினாள்.

"டேய், உண்மையைச் சொல்லு. என்ன கோளாறு?"

"கோளாறே இல்ல. பராமரிப்புக்காகப் பக்கத்தை மூடுறதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்கு. அதை அழுத்தியிருக்கு."

டோர்தே அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "நெனச்சேன்! தங்கம்டா நீ. அந்தக் கல்லுகிட்ட அவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டு, வாயே திறக்கலையே!"

யெப்பே விரலில் ஒட்டியிருந்த வெண்ணெயைத் துடைத்துக்கொண்டான்.

"நான் எங்கே அழுத்தினேன்? அந்தப் பொத்தான் என் திரையிலயே வராது. பிரிவுத் தலைவி திரையில மட்டும்தான் வரும்."