எழினி என்று மூன்று தடவை

பேரைக் கேட்டதும் தொட்டிலைப் பிடித்திருந்த கனகலட்சுமியின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரகடத்தில் தம்பி மாரிசெல்வம் வாடகைக்கு இருக்கிற வீடு. மேலே கொக்கியில் சேலைத் தொட்டில், அதற்குள் தம்பி மகள். அத்தைக்காரிதான் குனிந்து காதில் பேரை மூன்று தடவை சொல்ல வேண்டும். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது என்று தம்பி பெண்டாட்டி சுகப்பிரியா பேரை மூடி மூடி வைத்திருந்தாள்.

இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

எழினி.

"இன்னா பேரும்மா இது, வாய்லயே நுழைய மாட்டேங்குது" என்றாள் வீட்டுக்காரம்மா செந்தாமரை.

மாரிசெல்வம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். அவனுக்கே எளினி என்றுதான் வந்தது. அவன் கம்பெனி ஆட்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரித்தார்கள். என்ன அர்த்தம் என்று ஒருத்தர் கேட்டார். மேடையில் கட்டுகிற திரைக்கு அந்தக் காலத்துப் பேர், அழகான பேர் என்றாள் சுகப்பிரியா.

"அப்ப ஜன்னலுக்குப் போடுற ஸ்கிரீன்னு சொல்லு" என்றாள் செந்தாமரை.

எல்லோரும் சிரித்தார்கள். கனகலட்சுமி சிரிக்கவில்லை.

அது அவள் பேர். அவளுக்குப் பிறக்கப்போகிற மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பேர்.

சுங்குவார்சத்திரத்தில் இவளும் சுகப்பிரியாவும் ஒரே ஹாஸ்டல் ரூமில் இருந்தபோது, கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் அவளிடம் மட்டும் சொன்னாள். பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் சொல்லிக்கொடுத்த வார்த்தை. ழகரம் நாக்கில் உட்காரவே இல்லை. செல்போன் கம்பெனி லைனில் போர்டு மாட்டிக்கொண்டே மாஸ்க்குக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள். உதடு அசைவது சூப்பர்வைசருக்குத் தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தடவை உண்டானாள். இரண்டு தடவையும் தெரிந்த அன்றைக்கே ஊருக்கெல்லாம் போன் போட்டாள், லைன் முழுக்க லட்டு கொடுத்தாள். இரண்டும் தங்கவில்லை.

இனிமேல் அந்தப் பேரைப் பற்றிப் பேசாதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சுகப்பிரியாவிடம் சொன்னதும் இவள்தான். அதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சுகப்பிரியா பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"நீங்க ஆசப்பட்ட பேரு மைனி. நீங்க வாய் நெறய கூப்புடணும்னுதான் வச்சேன்."

அவள் கண் நிறைந்திருந்தது. அதில் கள்ளம் இல்லை. திருடியிருந்தால் சண்டையாவது போடலாம். கொண்டுவந்து கையில் கொடுக்கிறவளிடம் என்ன செய்ய?

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தைக்காரி சொல்லை மீறி யாரும் வைக்க மாட்டார்கள். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லக் கூடாது. இந்த வீட்டு வாசலை மிதிக்கும் முன்னாலேயே எடுத்த முடிவு அது.

ஏற்கெனவே, வந்ததும் வராததுமாகத் தட்டில் வைத்த பைனாப்பிள் கேசரியை இவள் தொடாமல் தள்ளி வைத்தது அடுப்படியில் பேச்சாகிவிட்டது. இப்போது பின்னால் யாரோ, பிள்ளை இல்லாதவளுக்கு மனசு எப்படி வரும் என்று முணுமுணுத்தார்கள். காதில் விழுந்தது.

"ராகு காலம் வந்துரும்க்கா. சொல்லு" என்றான் தம்பி. அவன் முகம் சுண்டிப் போயிருந்தது.

கனகலட்சுமி முந்தானையால் மறைத்துக்கொண்டு தொட்டிலுக்குள் குனிந்தாள்.

வேறு ஏதாவது ஒரு பேரை முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்தால் என்ன? காதுக்குள் சொல்லுவது யாருக்குக் கேட்கப் போகிறது? பேரும் தன்னிடமே இருக்கும்.

குழந்தை விழித்துத்தான் கிடந்தது. வசம்பு வாசம். காது மடலில் பூனைமுடி இன்னும் உதிரவில்லை. என்ன சொல்லப் போகிறாய் என்பது போல இவளையே பார்த்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"எழினி."

சத்தமாகவே சொல்லிவிட்டாள் போல. ழகரம் பிசகவில்லை. அறையில் சிரிப்பு நின்றது. அது வரைக்கும் சொன்னவர் யாருக்கும் அது அப்படி வரவில்லை.

இரண்டாவது தடவை நிதானமாகச் சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது அது முழுசாகத் தொட்டிலில் கிடக்கிறவளுடைய பேராகிவிட்டது.

அவள் நிமிரவில்லை.

"மூணு ஆயிடுச்சிம்மா, போதும்" என்றாள் செந்தாமரை.

கனகலட்சுமி இன்னும் கொஞ்சம் குனிந்து, உதடு காதில் படுகிற மாதிரி, அந்தக் குழந்தைக்கு மட்டும் சொன்னாள்.

"ஒனக்குப் பின்னாலயே ஒரு ஆளு வருது. மூணு மாசம் முடியுத வரைக்கும் யார்ட்டயும் சொல்லிராத. அதுக்கு வேற பேரு பாக்கணும், நீயும் கூட இருந்து பாரு."